செவலைக்கு வீடு பார்த்த கதை

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. குடை, மழைக்கோட்டு, வண்டிச் சாவி எல்லாவற்றுக்கும் அந்த ஓர் ஆணிதான். பல வருஷமாக அதில் ஓர் ஆரஞ்சு நிறப் பட்டையும் தொங்கிக்கொண்டிருந்தது. கண்டெய்னரில் ஏற்றிய சரக்கை அசையாமல் இழுத்துக் கட்டுகிற நாடா அது. அதில் ஒரு துண்டு வெட்டி, கழுத்தில் உறுத்தாமல் இருக்க உள்பக்கம் பழைய புடவைத் துணி வைத்துத் தைத்து, இரண்டு இரும்பு வளையம் போட்டால் நாயின் கழுத்துப்பட்டை தயார். நாலு விரல் அகலம் இருக்கும். கடையில் விற்கிற பட்டை வேட்டைநாய்க்கு உதவாது. அதன் தலை கழுத்தைவிடச் சின்னது. ஓர் எட்டு பின்வாங்கித் தலையைக் குனிந்தது என்றால் பட்டை நம் கையில், நாய் அடுத்த ஊரில். வீட்டுக்கு வருகிறவர்கள் இந்தப் பட்டையைப் பார்த்துவிட்டு, "நாய் கீதா?" என்று வாசலிலேயே தயங்குவார்கள். இல்லை என்பேன். அப்புறம் எதற்குப் பட்டை என்பார்கள். சிலர், சும்மா தொங்குவதை எங்கள் நாய்க்குக் கொடுங்களேன் என்றும் கேட்டிருக்கிறார்கள். அது யாருக்கும் போடுவதற்கு இல்லை என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்ல வைத்தது எங்கள் டிஸ்பாட்ச் அக்கா.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் குழாய்களுக்கு மூட்டு வார்க்கும் ஒரு கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் குவாலிட்டியில் இருந்தேன். வார்த்து வந்த மூட்டில் ஓட்டை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அக்கா சரக்கு ஏற்றி அனுப்புகிற டிஸ்பாட்ச்சில். அவள் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். குரல் மட்டும் ஊருக்கே மூத்தது. லாரி ஓட்டுநர்கள் அவளிடம் வாய் கொடுத்து மீண்டதாக வரலாறு கிடையாது. "எங்க போவணும்னு தெரியாத சரக்கு என் வாசல தாண்டாது" என்பாள். சீட்டு சரியாக இருக்கிறதா, பெட்டி அசைகிறதா, கட்டு இறுகியிருக்கிறதா என்று தானே ஏறி, ஆட்டிப் பார்த்த பிறகுதான் கதவைச் சாத்த விடுவாள். பிற்பாடு அவள் நாய்களை அனுப்பி வைத்ததும் இதே கறாரோடுதான்.

நாய்கள் எங்கிருந்து வந்தன என்றால், ஆசையிலிருந்து வந்தன. இந்தப் பக்கம் மனை போட்டு விற்கிறவர்கள், குடோன் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு சமயம் தெற்கத்தி நாய் மேல் மோகம் பிடித்தது. சிப்பிப்பாறை, கன்னி என்று பெயர் சொல்லிக் குட்டியாக வாங்கி வருவார்கள். நீண்ட மூஞ்சி, ஒட்டிய வயிறு, அம்பு மாதிரி உடம்பு. வாசலில் கட்டினால் கௌரவம்தான். ஆனால் அவற்றுக்குக் காவல் காக்கத் தெரியாது. குரைப்பதும் அபூர்வம். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஏதாவது ஓடினால் இதுவும் ஓடும், அவ்வளவுதான் அதன் படிப்பு. பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று குறைந்ததும் கௌரவம் போய்விடும். வண்டியில் ஏற்றி, தொழிற்பேட்டையின் பின்பக்கச் சாலையில், கருவேலம் புதர் ஓரமாக இறக்கி விட்டுவிட்டுப் போவார்கள். அப்படி வந்த முதல் நாய் எங்கள் கம்பெனியின் பின் கேட் வழியாக நுழைந்து, அக்காவின் பெட்டிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டது. சீட்டு இல்லாத சரக்கு என்று அதை விரட்டத்தான் போனாளாம். கிட்டே போனதும் அது தலையைத் தூக்கி அவள் புறங்கையில் வைத்துக்கொண்டது. பழைய ஜெனரேட்டர் ஷெட் காலியாகக் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிவிட்டாள். அப்போதிருந்த மேனேஜருக்கு அக்காவிடம் பயம்.

முதலில் நாங்கள் செய்த கூத்து, அவற்றுக்குச் சோறு போட்டது. அந்த இனத்துக்கு விலா எலும்பு தெரியத்தான் தெரியும். அது பசி இல்லை, அதன் வாகு. எங்களுக்கு அது புரிய மாசக்கணக்கானது. முதல் ஷிப்ட்டுக்கு வருகிறவர்கள், ஐயோ பாவம், எலும்பும் தோலுமாக இருக்கிறதே என்று இட்லி போடுவார்கள். அடுத்த ஷிப்ட்டுக்காரர்கள் அதே ஐயோ பாவத்தோடு சாம்பார் சாதம் வைப்பார்கள். ராத்திரி ஷிப்ட்டில் வடநாட்டுப் பையன்கள் ரொட்டி. முயலைத் துரத்த வேண்டிய நாய், பலாப்பழம் விழுங்கிய பாம்பைப் போல வயிறு தொங்கி, எழுந்திருக்க யோசித்தது. கால்நடை டாக்டர் திட்டியதும் அக்கா ஓர் அட்டையில், 'இதற்குப் பசி இல்லை. இதன் உடம்பே இப்படித்தான்' என்று எழுதி அதன் கழுத்தில் மாட்டினாள். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நிறுத்தினார்கள். ரொட்டி நிற்கவில்லை. பிறகு ஒரு பையனைப் பிடித்து இந்தியிலும் எழுத வைத்தோம்.

வீடு பார்க்கும் படலம் அதன் பிறகுதான் தொடங்கியது. என்னிடம் ஸ்கூட்டர் இருந்தது, அக்காவிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் சர்ச்சிலிருந்து வெளியே வரும்போது, எதிரில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் ஒரு பையில் வைத்துக்கொண்டு நிற்பாள். நாய் வேண்டும் என்று கேட்டவர்கள் வீட்டுக்கு, சம்பந்தம் பேசப் போகிற மாதிரியே போவாள். வெறுங்கையோடு போகமாட்டாள். போனால் உட்காருவாள். காபி குடிப்பாள், பஜ்ஜி கொடுத்தால் சாப்பிடுவாள், குறை சொல்லமாட்டாள். பேச்சோடு பேச்சாக எழுந்து போய், தலைக்கு மேல் கையை நீட்டி மதில் சுவரை அளந்துவிட்டு வருவாள். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், கட்டிப் போடுவீர்களா, குளிர் காலத்தில் எங்கே படுக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். அதற்கு முடி குறைவு, தோல் மெல்லிசு, போர்வை வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பாள். நாய்க்குப் போர்வையா என்று சிரித்தவர்கள் வீட்டுக்கு எந்த நாயும் போனதில்லை. எவ்வளவு பிடித்திருந்தாலும் அங்கேயே சம்மதம் சொல்லமாட்டாள். "ஊட்ல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்" என்பாள். வீட்டில் யாரிடம் கலந்து பேசுவாள்? நாயிடம்தான். அடுத்த வாரம் அதையே அழைத்துக்கொண்டு போவோம். புது இடத்தில் அது சுருண்டு படுத்தால் பயம், காலை நீட்டிச் சாய்ந்து படுத்தால் சம்மதம். சாய்ந்து படுக்கிற வரை அக்கா வாயைத் திறக்கமாட்டாள்.

இந்தச் சடங்கெல்லாம் விளையாட்டு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னாள். அவளுக்கு அம்மா அப்பா சீக்கிரமே போய்விட்டார்கள். தங்கைகளுக்கு மாப்பிள்ளை பார்த்தவள் இவள்தான். கடைசித் தங்கையைக் கட்டிக் கொடுத்ததும் முறைப்படி அவள் புகுந்த வீட்டுக்கு மறுவீடு போய்ப் பார்த்திருக்க வேண்டும். கம்பெனியில் அவசர லோடு, ஓவர்டைம். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அந்த வாரம் வரவேயில்லை. அந்தப் பெண் அடி தாங்காமல் தானாகத் திரும்பி வந்தபோதுதான் இவளுக்கு விஷயமே தெரிந்தது. "மறுவூட்டுக்குப் போயிருந்தா மூஞ்ச பாத்தே கண்டுபுடிச்சிருப்பேன்மா" என்றாள். அதனால் நாய் கொடுத்த வீட்டுக்கெல்லாம் மூன்றாம் நாள் மறுவீடு போவதை மட்டும் அவள் விடவே இல்லை. சில வீடுகளில் நாயைத் திரும்ப அழைத்துக்கொண்டும் வந்திருக்கிறாள். அங்கே ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், அந்தத் தெருவில் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

செவலை இப்படிப் போய் இரண்டு தரம் திரும்பி வந்தவள். செம்மண் நிறம், முன்னங்காலில் பழைய தழும்பு, வயதும் கொஞ்சம் ஆகியிருந்தது. முதல் வீட்டில் எதிர்வீட்டுக் கோழியோடு வந்து நின்றாளாம். இரண்டாவது, மனை விற்கும் ஒருவரின் தோட்டம். அங்கே திருடன் வந்து தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனபோது, இவள் ஓரமாகப் படுத்து வேடிக்கை பார்த்தாளாம். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். என் டிபன் பாக்ஸின் மூடிச் சத்தம் அவளுக்குத் தெரியும். ஆடி மாசம் முழுக்க அக்கா பெரியபாளையத்தம்மனுக்கு விரதம் இருந்துகொண்டு நாய்களுக்கும் தயிர்சாதம் போடுவாள். நான் செவலைக்கு மட்டும் முட்டையை உரித்து, முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய் ஊட்டுவேன். கடைசியில் துணிந்து கேட்டேவிட்டேன், எனக்குக் கொடுங்கள் என்று.

அக்கா எங்கள் வீட்டுக்கும் முறையாக வந்தாள். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், எல்லாம் கொண்டுவந்தாள். நான் உருளைக்கிழங்கு பஜ்ஜி போட்டேன். ஒன்று விடாமல் சாப்பிட்டாள். என் வீட்டுக்காரருக்கு வேறு கம்பெனியில் ஷிப்ட் வேலை. இரண்டு பேரும் வெளியே போனால் வீட்டுக்குப் பூட்டுதான். மறுநாள் டிஸ்பாட்ச் வாசலில் எல்லார் முன்னாலும், "சரிப்படாதுமா" என்றாள். "காலைல நீ போய்டற, அவரும் போய்டறாரு. அது நாள் பூரா செவுத்த பாத்துக்கினு கெடக்கணுமா?" எனக்கு அழுகையே வந்துவிட்டது. எந்த வீட்டுக்கும் வெளியே வந்து யோசித்துச் சொல்கிறவள், என் வீட்டுக்கு யோசிக்கக்கூட இல்லை என்று தோன்றியது. ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன், அது வேறு விஷயம். அந்தக் கோபம் முழுதாகத் தீர்ந்ததா என்றால், இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் மாறினார். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் கம்பெனியைப் பார்க்க வரப்போகிறார்கள், ஷெட்டில் நாய் இருக்கக்கூடாது என்றார். கெட்டவர் இல்லை, மாசக் கடைசி வரை நேரம் கொடுத்தார். அதற்கு மேல் இருந்தால் வண்டியில் ஏற்றி ஆந்திரா எல்லையைத் தாண்டி விடச் சொல்லிவிடுவேன் என்று மட்டும் சொன்னார்.   மற்ற மூன்று நாய்களுக்கும் ஓடி ஓடி வீடு பார்த்துவிட்டோம். செவலை மட்டும் நின்றாள். எல்லையைத் தாண்டினால் நெடுஞ்சாலை, லாரிகள். அவளுக்கு ஓடுவதைப் பார்த்தால் ஓடத் தெரியுமே தவிர, வண்டியைப் பார்த்து நிற்கத் தெரியாது. இப்போதாவது என்னிடம் கொடுப்பாள் என்று காத்திருந்தேன். அக்கா லோடு ஏற்ற வருகிற ஓட்டுநர்களிடமெல்லாம் வீடு விசாரித்துக்கொண்டிருந்தாள்.

லோடு ஏற்ற வந்த ஓர் ஓட்டுநர் திருப்பாச்சூர் பக்கம் தன் சொந்தக்காரர் வீட்டைச் சொன்னார். வயலுக்கு நடுவே வீடு, இருந்த நாய் கிழமாகிச் செத்துவிட்டது என்றார். அந்த ஞாயிறே கிளம்பினோம். எங்கள் பக்கத்துச் சின்ன ஆரணியைத் தாண்டி, பெரியபாளையத்தில் அக்கா இறங்கி அம்மனுக்கு ஒரு கற்பூரம் ஏற்றினாள். நான் ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்து என் பங்குக்கு ஒரு ஜெபம் செய்தேன். திருவள்ளூரைக் கடந்து, பெரிய ரோட்டிலிருந்து பிரிகிற மண்பாதையில் போனால் இரண்டு பக்கமும் நெல், கடைசியில் வீடு. வீட்டம்மா வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்கமா, உக்காருங்க. நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தோசைக்கல்லைப் போட்டார். அவர் வீட்டுக்காரர் இடுப்பில் அகலமான பச்சை பெல்ட்டோடு, வாய்க்காலிலிருந்து சேற்றுக் காலுடன் வந்தார். அக்கா முறைப்படி எல்லாவற்றையும் கேட்டாள். இது குரைக்காது, திருடன் வந்தாலும் பார்த்துக்கொண்டிருக்கும் என்று முன்கூட்டியே சொன்னாள்.

"குலைக்கலன்னா இன்னாமா? அதுக்குத்தான் இவ கீறாளே" என்றார் அவர்.

"தோ பாருங்கமா இந்த மனுசன் பேசற பேச்ச" என்று வீட்டம்மா கரண்டியை ஓங்கினார். அக்கா சிரித்தாள். சிரித்தபடியே போய்க் கையை உயர்த்தி மதில் சுவரை அளந்தாள், போதும் என்று தலையாட்டிக்கொண்டாள். போர்வை விஷயத்தைச் சொன்னபோது அவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பழைய நாய்க்குச் சாக்குப் படுக்கை தைத்து வைத்திருந்ததை அந்தம்மா உள்ளேயிருந்து எடுத்துவந்து காட்டினார்.

அடுத்த வாரம் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் செவலையை ஏற்றினோம். கம்பெனி வாசலில் அக்கா அவளுக்குத் திருஷ்டி சுற்றினாள். கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்று பெந்தெகொஸ்தே சபைக்காரியான என்னிடம் கொடுத்தாள். நானும் பிடித்துக்கொண்டேன். செவலை படுத்துப் பழகிய போர்வை, மூலையில் மஞ்சள் தடவி, மடித்து வைக்கப்பட்டது. அகல ஆரஞ்சுப் பட்டை கழுத்தில். அந்த வீட்டு முற்றத்தில் அவிழ்த்து விட்டோம். சுற்றிச் சுற்றி வந்தாள், மாட்டுக்கொட்டகை வாசலில் நின்றாள், கடைசியில் வேப்பமர நிழலில் காலை நீட்டிச் சாய்ந்து படுத்தாள். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்கும் சந்தோஷம்தான். மறுநாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் பழக்கத்தில் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் மறுவீடு. வேலை நாளாக இருந்தும் அக்கா விடவில்லை, இருவரும் லீவு போட்டோம். எங்கள் ஸ்கூட்டர் மண்பாதையில் திரும்பும்போதே செவலைக்குத் தெரிந்துவிட்டது. கேட்டைத் திறந்ததும் அக்கா மேல் தாவி, தோளில் கால் போட்டு, அவள் மூக்கு, காது, பொட்டு ஒன்றையும் விடவில்லை. நாங்கள் சாப்பிட்டு முடிக்கிற வரை அக்காவின் காலடியிலேயே கிடந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். உடம்பில் பளபளப்பு இருந்தது. பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று. வீட்டம்மா செவலையைப் பட்டையில் பிடித்துக்கொள்ள, நாங்கள் வெளியே வந்தோம், கேட் சாத்தப்பட்டது, வண்டியைக் கிளப்பினேன். புகுந்த வீட்டில் பெண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இப்படித்தான் வருவார்கள். பெண் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவள் சுவரேறிக் குதித்து வரமாட்டாள் என்பதால் நாங்கள் அதை யோசிக்கவே இல்லை.

பாதி மண்பாதை வந்தபோது கண்ணாடியில் செவலையைப் பார்த்தேன். அக்கா கை உயர்த்தி அளந்த அந்த மதிலை அவள் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. அதுவரை அவள் ஓடி நான் பார்த்ததில்லை. ஷெட்டில் படுத்துக் கிடக்கிறவள், சோம்பேறி என்று கேலி செய்திருக்கிறேன். இப்போது தரையில் கால் படுவதே தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் மனசு துள்ளியது. எங்களைத் தேடி வருகிறாள், இனி அக்காவால் மறுக்க முடியாது, என் வீட்டுக்குத்தான் வரப்போகிறாள் என்று அந்த ஒரு நொடியில் எல்லாம் நினைத்துவிட்டேன். பிரேக்கைப் பிடித்தேன்.

"நிறுத்தாத!" என்று அக்கா பின்னாலிருந்து கத்தினாள்.

"அக்கா, செவலை வருதுக்கா..."

"தெரியுதுமா, எனக்கும் கண்ணு கீது. நிறுத்தினா நம்மகூடத்தான் வரும். முன்னால பெரிய ரோடு. திருப்பு வண்டிய."

"எங்கக்கா?"

"ஊட்டுக்குத்தான். அது ஊட்டுக்கு!"

திருப்பினேன். ஒரு சக்கரம் வயலில் இறங்கி ஏறியது. செவலை எங்களைத் தாண்டி ஓடி, வளைந்து, மறுபடி எங்கள் பின்னால் வந்தாள். அவளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. ஸ்கூட்டர் முன்னால், அவள் பக்கத்தில், சில சமயம் முன்னால், நாக்கு காற்றில் பறக்க. "ஓட்டு, ஓட்டு, மெதுவாப் போனா வுட்டுட்டுப் போய்டும்" என்று அக்கா என் தோளில் அடித்துக்கொண்டே வந்தாள். வீட்டம்மா எங்களுக்கு எதிரே ஓடிவந்துகொண்டிருந்தார். "கேட்ட தொறங்க! பெருசா தொறங்க!" என்று அக்கா போட்ட கூச்சலில் அவர் அப்படியே திரும்பி ஓடினார். நான் வண்டியோடு முற்றத்துக்குள் நுழைந்து, கோழிகளைச் சிதறடித்து, வேப்பமரத்தடியில் மண்ணில் சரிந்து நின்றேன். செவலையும் எங்களோடு உள்ளே வந்தாள். கேட் சாத்தப்பட்டது.

செவலை மூச்சிரைக்க அக்காவிடம் வந்தாள். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதுதான் எனக்கு அன்றைக்குத் தாங்கவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "தண்ணி வைங்கமா. நீங்க வைங்க, நா வெக்க மாட்டேன்" என்றாள். வீட்டம்மா அலுமினியச் சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். செவலை அக்காவையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போய்க் குடித்தாள். அக்கா அப்புறமும் திரும்பவில்லை. "அந்தப் பட்டைய அவுத்துடுங்க. அதுல எங்க வாசன கீது" என்றாள். வேறு பட்டைக்கு எங்கே போவது? வீட்டுக்காரர் தன் பச்சை பெல்ட்டை அவிழ்த்தார். ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அதை மனைவியிடம் நீட்டினார். அதுவும் நாலு விரல் அகலம்தான். செவலையின் கழுத்தளவுக்கு வெட்டி, சாக்கு ஊசியால் தைத்து மாட்டினார் அந்தம்மா. எங்கள் ஆரஞ்சுப் பட்டை என் கைக்கு வந்தது.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணாத. தள்ளிக்கினு வா" என்றாள் அக்கா. செவலையைக் கொட்டகைக்குள் அழைத்துப் போனதும், சத்தமில்லாமல் வண்டியைப் பெரிய ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தோம். ரோட்டோரத்தில் ஒரு டீக்கடை. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, லாரி ஓட்டுநர்கள் பயப்படுகிற அந்தக் குரலில் வாய்விட்டு அழுதாள். டீக்கடைக்காரர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து எங்களிடம் காசு வாங்க யோசித்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள்: "மனுசங்களுக்கு மறுவூடு போவணும். இதுங்களுக்குப் போவக்கூடாது. நாம போனா கூட்டிக்கினு போவ வந்தோம்னு நெனைக்கிது." பிறகு என் கையிலிருந்த பட்டையைப் பார்த்தாள். "இத நீ வெச்சிரு. வேற எதுக்கும் போட்டுடாத. அது அங்க நிக்காம திரும்பி வந்துச்சின்னா வேணும்."

அப்போதே கேட்டேன், திரும்பி வந்தால் எனக்குத் தருவீர்களா என்று. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வந்தா உனக்குத்தான்மா" என்றாள். "வரக்கூடாதுன்னு வேண்டிக்கோ."

நான் அப்படி வேண்டிக்கொண்டேனா என்று கேட்காதீர்கள். வீட்டுக்குப் போய் ஆணியில் மாட்டினேன். குடை எடுக்கும்போதும் சாவி எடுக்கும்போதும் பட்டை கையில் படும். அதன் பிறகு நாங்கள் கொடுத்த எந்த நாயையும் போய்ப் பார்க்கவில்லை. போனில் விசாரிப்போம், போட்டோ அனுப்பச் சொல்வோம். திருப்பாச்சூரிலிருந்தும் ஆரம்பத்தில் போட்டோ வந்தது. அப்புறம் நாங்களே கேட்பதை விட்டோம். நன்றாக இருக்கிறவர்களைத் தினம் விசாரிப்பது பேஜாரு என்றாள் அக்கா. முழங்கால் வலி வந்து அவள் வேலையை விட்டாள். இப்போது பெரியபாளையத்தில், அந்தக் கடைசித் தங்கையோடு சேர்ந்து கோயில் பக்கம் பூஜை சாமான் கடை வைத்திருக்கிறாள். தங்கை கல்லாவில் உட்கார்ந்து அக்காவையே அதட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். நாய் விஷயம் முழுக்க என் தலையில் விழுந்தது. ஷெட் போனாலும் நாய்கள் வருவது நிற்கவில்லை. பக்கத்துக் கம்பெனியில் ஓர் ஓரம் கொடுத்திருக்கிறார்கள். வெற்றிலை பாக்கோடு நானே போகிறேன், மதில் சுவரை அளக்கிறேன். அக்கா அளந்ததைவிட ஒரு முழம் சேர்த்தே அளக்கிறேன். "ஊட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று என் வாயும் சொல்லிப் பழகிவிட்டது. என் வீட்டைப் போன்ற வீடு வந்தால் நானும் சரிப்படாது என்றுதான் சொல்கிறேன்.

போன வாரம் சாம்பல் நிறத்தில் ஒரு பயலுக்காகத் திருத்தணி ரோட்டில் வீடு பார்க்கப் போனேன். அதே ஸ்கூட்டர். பாலத்தில் வேலை நடக்கிறது என்று வண்டிகளை ஊருக்குள் திருப்பிவிட்டார்கள். வளைந்து வளைந்து போன பாதை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று புரிந்தபோது, திரும்ப வழியில்லை, பின்னால் வண்டிகள். நெல் அறுத்த வயல். வரப்பில் அந்தத் திருப்பாச்சூர் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார், தலையில் துண்டு. அவருக்குப் பக்கத்தில் செவலை. மூஞ்சி முழுக்க நரைத்துவிட்டது. கழுத்தில் பச்சை பெல்ட், வெயிலில் வெளுத்து. என் வண்டிச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கினாள். காது இரண்டும் நின்றன. நேராக என்னைத்தான் பார்த்தாள். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்தது. வாலை இரண்டு தரம் தரையில் தட்டினாள். என் கை பிரேக்குக்குப் போனது, நானே எடுத்துவிட்டேன். செவலை மெல்லத் தலையைத் தாழ்த்தி, அவர் தொடை மேல் வைத்துக்கொண்டு, காலை நீட்டிப் படுத்துவிட்டாள்.

பெரிய ரோட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் கோயில் பம்பை மேளச் சத்தம். "எந்திரிக்கலையா?" என்றாள். நன்றாகப் பார்த்தாயா, வண்டிச் சத்தம் கேட்டதா, வயசாகி ஓட முடியாமல் இருக்கிறதா என்று அடுக்கினாள். தலையைத் தூக்கி என்னைத்தான் பார்த்தது, வாலை ஆட்டியது, வருவதற்கு மனசில்லை என்று சொன்னேன்.

"படுத்துது இல்ல, எப்டி? சுருண்டுக்கினா, சாஞ்சிக்கினா?"

"சாஞ்சிக்கா."

பம்பை அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு பழைய டிஸ்பாட்ச் குரலில், "அப்பறம் இன்னாத்துக்கு அந்தப் பட்டைய சும்மா மாட்டி வெச்சிக்கினு கீற? எடுத்து நல்லா தோச்சி, அந்தச் சாம்பலுக்குப் போடு" என்றாள்.

நேற்று துவைத்தேன். வருஷக்கணக்கான தூசி, தண்ணீர் கறுப்பாக வந்தது. உள்பக்கத் துணியில் அங்கங்கே சின்னச் சின்னதாய்ச் செம்மண் நிற மயிர் ஒட்டியிருந்தது. அவற்றை மட்டும் பொறுக்கி எடுக்க நேரமானது. இன்று காலை சாம்பலின் கழுத்தில் மாட்டி வண்டியில் கொண்டுபோய், அவன் சாய்ந்து படுத்ததும் விட்டுவிட்டு வந்தேன், மறுவீட்டுக்கு வருவேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் இப்போது குடை, மழைக்கோட்டு, வண்டிச் சாவி. இனி செவலை வரமாட்டாள்.